வலமிருந்து

ஜப்பானிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்,
கோபே முத்திரையோடு நாற்பத்தெட்டு ஜோடி.
அடியில் பசை விட்டுப்போச்சாம்.
துத்திப்பட்டு கம்பெனியில் பெட்டியைப் பிரித்தது நான்.
கரண்ட் இல்லை.
ஷூவின் மூக்கு நசுங்காமலிருக்க உள்ளே தாள்.
நாமென்றால் தினத்தாள் திணிப்போம்.
இது படக்கதை, ரொம்பப் பழசு,
மஞ்சளேறி ஓரம் பொடிந்தது.
ஒரு இடதுகாலிலிருந்து கண் மட்டும் வந்தது.
அதன் வலதுகாலில் நாக்கு.

சுருக்கம் எடுக்கிற இஸ்திரியில் ஒவ்வொன்றாக நீவினேன்.
பக்க எண் போட்ட மூலையெல்லாம் போயிருந்தது.
எனக்குத் தெரிந்தபடி அடுக்கினேன், இடமிருந்து.

முதலில் ஒரு கதவு. தாழ்ப்பாளில் ஒரு கை.
உள்ளே உத்தரத்தில் ஒட்டிக்கொண்டு
அது.
முதுகெல்லாம் செதில், வாய் காதுவரை.
திருப்பத் திருப்ப
செதில் உதிர்ந்தது, வாய் சுருங்கியது,
உச்சந்தலையில் முடி வந்தது.
கடைசிக்கு முந்தின பக்கத்தில்
மணிக்கட்டில் ஒரே ஒரு கொப்புளம்.
கடைசியில் அதுவும் இல்லை.
கண்ணாடி முன்னால் ஒரு பெண் தலை சீவுகிறாள்,
பின்னால் அம்மா சிரிக்கிறாள்.

எழுத்து ஒன்றும் தெரியாது. தெரிந்துதான் என்ன.
பேரணாம்பட்டு தோல் ஷாப்பில் டிரம் கழுவின நாளிலிருந்து
என் மணிக்கட்டிலும் உண்டு,
நாலணா அகலத்தில் குரோமியம் தின்ற குழி.
சாப்பாட்டு மணியில் தினமும் ஒருதரம் படிப்பேன்,
மருந்து போடுகிற மாதிரி.

நஃபீஸா தையல் பக்கம். ஒருநாள் பிடுங்கிப் பார்த்தாள்.
உருது படித்த விரல்,
தாள்கட்டைக் கவிழ்த்து வலப்பக்கம் தொடங்கியது.
தலை சீவுகிறவளிடமிருந்து புறப்பட்டு
கொப்புளத்தில் நின்றது,
செதிலில் நின்றது,
உத்தரத்துக்கு ஏறியது.
"இன்னாடி தபித்தா, இதப் போயா
நல்ல கதன்னு சொல்லிகினு கீறே?
பெத்தவளே வெளில தாப்பா போட்டுட்டா பாரு."

திறக்கிறாள் என்றல்லவா நான் படித்திருந்தேன்.

அன்றைக்கு ஷிப்டு முழுக்க அதே யோசனை.
இங்கே எதை இடமிருந்து படிக்க முடிகிறது?
ஷூவிலிருந்து தோல், தோலிலிருந்து நீல ஈரம்,
சுண்ணாம்புத் தொட்டி, மயிர்,
கழுத்தில் கயிறு, ம்மே என்று ஒரு சத்தம்.
அந்தப் பக்கம் போய்ச் சேர
எந்த முதலாளியும் ஆள் எடுப்பதில்லை.

மறுநாள் கட்டைத் திருப்பித் தந்தாள்.
இடது ஓரத்தில் மெழுகு நூல், இரட்டைத் தையல்.
இனி நம்ம பக்கமாகத்தான் திறக்கும்.
"மெஷின் சும்மா கெடந்துச்சு, அதான்" என்றாள்
என் கையைப் பார்க்காமல்.

கதவுப் பக்கத்தை மட்டும் தைக்கவில்லை,
நாலாக மடித்துத் தனியாகக் கொடுத்தாள்.

புதுப் பசை ஒட்டிய சரக்கு வெள்ளிக்கிழமை கிளம்பியது.
இருபத்து மூணரை சைஸ், இடதுகால்.
மூக்குவரை விரலால் தள்ளி வைத்தேன் அந்தக் கதவை.
எழுத்துத் தெரிந்தவர்கள் யாராவது பிரிக்கட்டும்.

மணிக்கட்டு அரித்தது.
சொறியவில்லை.