குத்தூசி

இலோய்லோ துறைமுகத்தில் என் வேலை
மூட்டையைக் குத்துவது.
நூற்றுக்குப் பத்து மூட்டை.
குத்தூசியின் குழிவில் வழிந்து வரும் அரிசியில்
நொய் எவ்வளவு, பழுப்பு எவ்வளவு, வண்டு உண்டா
என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது.

போன வாரம் மணிலாவிலிருந்து ஒரு தாள் வந்தது.
அதில் இரண்டு கோடுகள்.
சிவப்பு வியத்நாம். நீலம் நாங்கள்.
நடுவில் பூஜ்யம், நீர்மட்டம் போல:
மேலே மிதந்தால் விற்கிற நாடு,
கீழே போனால் வாங்குகிற நாடு.
மக்பனுவா அதைச் சுவரில் ஒட்டி
"வெட்கக்கேடு" என்றார்.
பிறகு சாப்பிடப் போனார்.

நான் அங்கேயே நின்றேன்.
இடது ஓரத்தில், எழுபதுகளின் கடைசியில்,
நீலம் கொஞ்சம் தலை நீட்டியிருக்கிறது,
குளத்தில் மூக்கு மட்டும் தெரியும் எருமை மாதிரி.
சிவப்பு அப்போது சேற்றில்.
எண்பதுகள் முடிகிற இடத்தில்
சிவப்பு விருட்டென்று எழுந்து மேலேயே நின்றுவிட்டது.
நீலம் மூழ்கி, மூச்சுக்கு மேலே வந்து,
மறுபடி மூழ்கி,
இப்போது தாளின் அடிவிளிம்பைத் தொடுகிறது.

சைகோனிலிருந்து வந்த கப்பலில்
மூட்டை எண்ணுகிறவர் குவே.
எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என்னுடையது.
அரைகுறை ஆங்கிலம், மிச்சத்துக்கு விரல்கள்.
போனில் அந்தத் தாளைக் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
சிவப்பின் அடியில் விரல் வைத்தார்.
"இங்கே எனக்கு ஒன்பது வயது.
சோற்றில் சோளம். சோளத்தில் கொஞ்சம் சோறு.
பொறுக்கியது தம்பிக்கு."
விரலை உச்சிக்கு நகர்த்தினார்.
"இங்கே எங்கள் வயலில் கடல்."
உப்பு என்று சொல்ல வார்த்தை வராமல்
நாக்கை நீட்டி முகம் சுளித்துக் காட்டினார்.

அவர் அப்பா விதைத்த குட்டை நெல்
எங்கள் லாஸ் பன்யோஸில் பிறந்த ரகமாம்.
அந்த விதை கடல் தாண்டியபோது
தாளில் எந்தக் கோடும் அசைந்திருக்காது.

"நீ எங்கே?" என்றார்.

நீலத்தின் மிக ஆழத்தில் விரல் வைத்தேன்.
அங்கே பஸ்ஸியில் என் அக்கா கணவர் கிரிசாந்தோ,
நெல்லுக்கு வியாபாரி சொன்ன விலையைக் கேட்டு
கை டிராக்டரை விற்றது.
அதே மாதம் இந்த மலிவு அரிசியில்
என் பிள்ளைகள் இரண்டாம் தட்டுச் சோறு கேட்டார்கள்.
இல்லையென்று நான் சொல்லவில்லை.
இது ஒன்றையும் குவேயிடம் சொல்லவில்லை.
"ஆபீஸில்" என்றேன்.

வயலில் நெல், மூட்டையில் அரிசி, தட்டில் சோறு.
அவர் மொழியில் மூன்று பெயர், என் மொழியிலும் மூன்று.
சுங்கத் தாளில் ஒரு எண்.

மழை தூறியது. கப்பலின் மூடியை இழுத்தார்கள்.
குத்திய ஓட்டையை ஊசி நுனியால் தேய்த்து அடைக்க வேண்டும்,
பேச்சில் மறந்துவிட்டேன்.
தளத்தில் சின்ன வெள்ளைக் குவியல்
வளர்ந்துகொண்டிருந்தது.
குவே பாய்ந்து கட்டைவிரலால் ஓட்டையைப் பொத்தி
தன் மொழியில் ஏதோ கத்தினார்.

திட்டுதான். அது புரிந்தது.