புதன்

ஏலத்துக்குப் போனது உரம் தூவும் இயந்திரம் வாங்க.
வாங்கி வந்தது உன்னை.
ஃபெர்கஸ் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
பேசியபோது,
"அந்தப் புதன்கிழமைக்குத் தண்ணீர் வைத்தாயா?" என்றான்.
அப்படித்தான் புதன் ஆனாய்.

பொன் தேடி வந்தவர்கள்
துளைத்துவிட்டுப் போன மலைகள் இவை.
ஒட்டாகோவில் அவர்கள் விட்டுவைத்தது
பாறையும் முள்ளும் காட்டுத் தைம் செடியும்.
நவம்பரில் சரிவு முழுக்க ஊதா.
உன் குளம்பு பட்ட இடமெல்லாம் வாசனை கிளம்பும்.
லாயத்துக்குத் திரும்பிய பிறகும்
உன் கால்களிலிருந்து மணக்கும்,
அங்கே யாரோ சமைக்கத் தொடங்கியது போல.

சேணத்தின் வாரை இறுக்கும்போது வயிற்றை உப்பிக்கொள்வாய்.
நான் காத்திருப்பேன்.
நீயும் காத்திருப்பாய்.
யார் முதலில் மூச்சு விடுவது என்பதிலேயே
எத்தனை காலைகள் போயின.

ஹெலிகாப்டருக்குப் பயப்படாதவன்
வேலியில் சிக்கிய பிளாஸ்டிக் பைக்குப் பயந்தாய்.
நேற்றுக் கடந்த மரப்பாலம்தான்,
இன்றும் நின்று
முதல் பலகையை முகர்ந்து பார்த்துவிட்டே கால் வைப்பாய்.
கேட்டுகளின் கொண்டியை உதட்டாலேயே நீக்குவாய்,
மூடத்தான் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.
பிறர் வயலில் மேய்ந்த எங்கள் ஆடுகளுக்காக
நான் கேட்ட மன்னிப்புகளை எண்ணினால்
அந்த மலைப்பாதையைவிட நீளும்.

உச்சியில் காற்று எப்போதும் கோபமாக இருக்கும்.
அங்கே நீ திரும்பி நின்று
உன் உடம்பால் எனக்கு ஒரு சுவர் தருவாய்.
உன் வால்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டினாய்,
அவ்வளவுதான் என்கிறான் ஃபெர்கஸ்.
இருக்கட்டும்.
அந்தச் சுவரில் சாய்ந்துதான் ஆப்பிள் தின்றேன்,
பாதி எனக்கு,
பாதி என்று நான் நினைத்த பெரும்பகுதி உனக்கு.

அந்த ஏப்ரலில்
தெற்கிலிருந்து ஏறிவந்த மூடுபனி
உன் காதுகளைக்கூட என் கண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது.
குதிரைக்கு வழி தெரியும், விட்டுவிடு என்பார்கள்.
விட்டேன்.
கடிவாளத்தைத் தளர்த்தி
பிடரி மயிருக்குள் விரல்களைப் புதைத்துக்கொண்டேன்.
இறக்கம். ஓடை. மறுபடி ஏற்றம்.
உன் மூச்சு முன்னே போனது, பின்னால் நான்.
எவ்வளவு உறுதி அந்த நடையில்!
வீடு வந்துகொண்டிருக்கிறது என்று
கொஞ்சம் அழவும் செய்தேன்.

நீ நின்ற இடம் ரங்கியின் தகரக் குடில்.
ஆடுகளை மலையிலிருந்து இறக்க வருகிறவர்.
போன வருஷம் உனக்குப்
பாகு தடவிய ரொட்டி கொடுத்திருந்தார்.
ஒன்றே ஒன்று.
எங்கள் வீடு இருந்தது எதிர்த்திசையில்,
பதினான்கு கிலோமீட்டர் தள்ளி.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை.
"ரொட்டி தீர்ந்துபோச்சு," என்றார் உன்னிடம்,
"பிஸ்கட்தான் இருக்கு."
அன்றிரவு அவர் அடுப்பருகே என் காலுறைகள் காய்ந்தன.
சுவருக்கு அப்பால் நீ மெல்லும் சத்தம்.
அவ்வளவு நிம்மதியாக
நான் வேறெப்போதும் வழி தவறியதில்லை.

முப்பத்தொரு வயதில்
ஒரு செவ்வாய் இரவு படுத்தாய்.
மறுநாள் எழவில்லை.
கிழமையை நான் சொல்லப்போவதில்லை.

ஃபெர்கஸ் குழி வெட்டினான்.
மண்ணில் எதுவோ மின்னியது.
இந்த ஊர்க்காரர்களின் பழக்கம்,
இருவருமே குனிந்து பார்த்தோம்.
அப்பிரகம்.
பொன்னாகவே இருந்திருந்தாலும்
என்ன செய்திருப்போம்.

போன வாரம் மொய்ரா தொலைபேசினாள்.
மேல்கேட்டு திறந்து கிடக்கிறதாம்,
எங்கள் ஆடுகள் அவள் கோசுத் தோட்டத்திலாம்.
நான்தான் மறந்திருந்தேன்.
"புதன் வேலை," என்று சொல்லிவிட்டேன்.
மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை.
"அவனைக் கொஞ்சம் கண்டித்து வை," என்றாள்.