பதினோரு உறைகள்

ஆவணிப் பௌர்ணமியன்று
பாட்டன் நகரின் கும்பேஷ்வர் கோயிலில்
கை நீட்டி நின்றவர்களில் சிலர்
ஐப்பசிக்குள் என் மேசைக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை.
மஞ்சளும் சிவப்பும் முறுக்கிய நூல்.
மகாபலியைக் கட்டிய கயிறு இது என்று
மந்திரம் சொல்லித்தான் கட்டியிருப்பார் பண்டிதர்.
அறுவை அரங்கில் அது
கிருமி தங்கும் இடம்.

"லட்சுமி பூஜை வரை அவிழ்க்கக் கூடாது, சிஸ்டர்."
சொன்னவருக்குக் குடல்வால் வெடித்திருந்தது.
"அவிழ்க்கவில்லை, வெட்டுகிறேன்" என்றேன்.
மயக்கத்துக்குள் இறங்கும்போதும்
சிரித்துக்கொண்டே போனார்.

வெட்டியதை நான் எறிந்ததில்லை.
மாத்திரை உறையில் போட்டுப் பெயரெழுதி
வெளியே நிற்பவர்களிடம் கொடுத்துவிடுவேன்.
ஹஸ்தமாயா, பித்தப்பை. மகன் வாங்கிக்கொண்டான்.
டில்லிராம், தொடை எலும்பு.
மனைவி இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள்.
சிலர் மறந்துபோனார்கள்.
சிலரிடம் நீட்ட எனக்குக் கை வரவில்லை.

ஒன்பதாம் படுக்கைப் பையனுக்குப் பெயரே இல்லை.
பனேபா சாலை, மோட்டார் பைக், நள்ளிரவு.
அவன் நூலில் மட்டும் மூன்று முடிச்சு,
ஒன்றின் மேல் ஒன்றாக.
கட்டியவளுக்கு
ஒரு முடிச்சில் நம்பிக்கை இல்லை போலும்.
விடியுமுன் வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.
அப்புறம் தெரியாது.

முழங்கை வரை தேய்த்துக் கழுவும் என் கைக்கு
நூல் ஆகாது.
நாத்தனார் தேஜ்குமாரி விடவில்லை.
கணுக்காலில் கட்டி, காலுறையை மேலே இழுத்துவிட்டு,
"சாமி குனிந்து பார்க்கட்டும்" என்றாள்.

லட்சுமி பூஜைக் காலை. இரவுப் பணி முடிந்து
இழுப்பறையைத் திறந்தால்
பதினோரு உறைகள்.

புல்சோக் முடுக்கில் ஒரு சிறுவன்
பசுவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.
நெற்றியில் சிந்தூரம், கழுத்தில் சாமந்தி,
வாலில் ஏற்கெனவே பாதித் தெரு.
இந்த வாலைப் பிடித்துத்தான்
வைதரணி ஆற்றைக் கடக்க வேண்டுமாம்.
"ஒரு நூலுக்கு இருபது ரூபாய், தீதி."
பதினொன்றுக்குமா?
"பன்னிரண்டு" என்றான், என் காலைப் பார்த்து.

பேரம் பேசி இருநூறுக்கு முடித்தோம்.

வெட்டிய நூல்கள். வாலைச் சுற்ற நீளம் போதவில்லை.
ஒன்றோடொன்று முடிந்தேன்.
உபாத்யாயரின் குடலிறக்கத்தோடு
செருப்புத் தைக்கும் சார்க்கியின் சிறுநீரகக் கல்.
ஈர விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை.
பசு ஒருமுறை வாலை வீசியது.
வெள்ளைச் சீருடையில் பச்சையாய் ஒரு கோடு.

கடைசியாகக் குனிந்து
கணுக்கால் நூலையும் அவிழ்த்துக் கட்டினேன்.
ஒன்பதாம் எண் உறையை எடுத்தேன்.
வைத்தேன். மறுபடி எடுத்தேன்.
ஆற்றங்கரையில் அவன் நின்றுகொண்டிருந்தால்?
இல்லை, எங்கோ ஒரு வார்டில்
கஞ்சி குடித்துக்கொண்டிருந்தால்?

உறையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

சிறுவன் கணக்கில் கெட்டி.
"இன்னும் ஒன்று பாக்கி, தீதி."

இருக்கட்டும், தம்பி.
அது தானாய் நடந்து வரும்.