ஒன்பதே கால் கிலோ

மஹ்பூலாவில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே,
தரைக்குக் கீழே இரண்டாம் தளம்.
எண்பத்து நான்கு தூண்.
ஊற்றும்போது பலகை விலகி
ஒவ்வொன்றிலும் ஓர் உதடு பிதுங்கி நிற்கிறது.
அதைச் சீவ எனக்கும் குல் ஜமானுக்கும்
ஆளுக்கொரு கிரைண்டர், ஐந்து இஞ்ச் டைமண்ட் கப்.

எழும்புவது புகை இல்லை.
புகை என்றால் போய்விடும்.
இது நிற்கும். டீ குடித்து வந்தாலும் நிற்கும்.
போன் டார்ச்சை அடித்தால்
வெளிச்சம் ஒரு வெள்ளைக் குழாயாய்க் கிடக்கும்,
தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைக்கலாம் போல.
அதற்குள்ளேதான்
மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

சேஃப்டி ஆபீஸர் பெரேரா மாஸ்க் தந்தார்.
ரப்பர் மூஞ்சி, இருபுறமும் கத்தரிப்பூ நிற வடிகட்டி.
எனக்குக் கச்சிதம்.
குல் ஜமானுக்குத் தாடி.
"ஒட்டாது, இடுக்கில் உள்ளே போகும், மழி."
"மாட்டேன்" என்றான். சத்தம் போடவில்லை,
மணி கேட்டவனுக்கு மணி சொல்வதுபோல.
சாயந்திரம் கழற்றியபோது
மாஸ்க்குக்கு உள்பக்கம், மூக்கடியில்,
வெள்ளையாய் இன்னொரு மீசை.

தண்ணீர் விட்டுப் பார்த்தோம்.
மூடியில் ஆணியால் துளையிட்ட பாட்டில்,
நான் பீய்ச்ச அவன் தேய்க்க.
தூசு அடங்கிச் சேறாய் வழிந்தது, நல்லதுதான்,
பிரேக்கர் டப்பென்று விழுந்தது.
இருட்டில் ஃபோர்மேன் திரவியத்தின் வாய் மட்டும் வந்தது.
அது சொன்னதை எழுத மாட்டேன்.

மேலே, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டும் ஃபிளாட்டில்
துடைக்கிற ஷெஃபாலியிடம் ஒரு வாக்யூம்.
கேட்டதற்கு, கார்பெட்டுக்கு, என்றாள்.
மறுநாள் இருமிக்கொண்டே அவளே இறங்கி வந்தாள்.
லிஃப்ட் குழி வழியாக உங்கள் தூசு
ஏழாம் மாடி சோபாவில் வந்து உட்கார்ந்திருக்கிறது,
நான்கு தடவை துடைத்தாகிவிட்டது,
இந்தா, எடுத்துத் தொலை.

பெரேரா திறந்து பார்த்து உதட்டைச் சுளித்தார்.
சாதா வடிகட்டி. முன்னால் உறிஞ்சிப் பின்னால் துப்பும்.
துப்புகிற பொடிதான் மார்பில் தங்குகிற பொடி.
பெரியது மூக்கிலேயே நிற்குமாம், பெரியது மரியாதை தெரிந்தது.

அப்புறம் ஷுவைக் மார்க்கெட், சரியான மிஷின்,
டிஸ்க்கைச் சுற்றி மூடுகிற, பிரஷ் ஓரம் வைத்த தொப்பி.
தொப்பிக்கு மட்டும் பதினெட்டு தினார்.
பில்லில் கையெழுத்துப் போட
மூன்று நாள் ஒரு கையும் கிடைக்கவில்லை.
அந்த மூன்று நாளும் சீவினோம்.

நான்காம் நாள்.
தொப்பி சுவரில் தட்டையாய்ப் படிந்தால்
சத்தம் கம்மென்று தாழ்கிறது.
ஓரம் ஒரு விரல் தூக்கினாலும்
விசில் அடித்துக் காட்டிக்கொடுக்கும்.
குல் ஜமான் கண்ணை மூடி, காதால் தேய்த்தான்.
மூலையில் மட்டும் கொஞ்சம் பறந்தது,
மூலை யாருக்கும் அடங்குவதில்லை.

பையைத் தட்டாமல், முடிச்சை இறுக்கி,
பக்காலாவின் வெங்காயத் தராசில் வைத்தான்.
கடைக்காரன் கையைத் தலைக்கு மேல் தூக்கினான்:
"இங்கே அவிழ்க்காதே."
ஒன்பதே கால் கிலோ. ஒரு நாள். ஒரு கிரைண்டர்.

ஆறு வருஷம் என்றான் குல் ஜமான்.
வெள்ளிக்கிழமைகளைக் கழி என்றேன்.
கழித்தான். விரல் மடக்கினான்,
பாதியில் விரித்துவிட்டான்.
அடுத்த மாதம் அவனுக்கு அகாமா புதுப்பிக்கணும்,
அதற்கு மார்பு எக்ஸ்ரே.
அதைப் பற்றி அவன் பேசவில்லை,
வெங்காயம் இரண்டு கிலோ வாங்கினான்.

ராத்திரி ஷிஃப்டில், அறுபத்தோராம் தூணருகே,
பழக்கத்தில் டார்ச்சை அடித்தேன்.
குழாயைக் காணோம்.
போன் கெட்டுவிட்டதோ என்று
உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன், சுட்டது.
பிறகுதான் கவனித்தேன்,
தூரத்தில், எதிர்ச்சுவரில்,
யாரோ சிமெண்டில் விரலால் கீறிய ஒரு பெயர்
எழுத்தெழுத்தாய்த் தெரிந்தது.
நான்கு மாதமாய் அங்கேதான் இருந்திருக்கிறது.