அரைக் கட்டை

நாற்பத்தைந்து நாள் மௌனம் என்று
மதுரை டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.
கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல்.

மண்டபத்தில் வீடு எடுத்தேன்,
என் பாட்டை யாரும் கேட்டிராத ஊர்.
வடகடல் குளம்போல் கிடக்கும்.
கச்சான் வீசினால் தென்கடல்
ராத்திரி முழுக்க ஒரே வரியை
நிரவல் செய்துகொண்டிருக்கும்,
எடுப்புக்கு வந்து சேராமல்.

செபத்தியம்மா மீன்கூடையோடு வந்தாள்.
'அரைக் கிலோ நகரை' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.
அவளுக்கு எழுத்து தெரியாது.
பிறவி ஊமை என்று முடிவுகட்டி
ஒரு மீன் கூடப் போட்டாள்.
பிறகு தினமும் படியில் உட்கார்ந்து
மகன் படகோடு பிடிபட்டதை,
மருமகள் வளையலை அவளறியாமல் அடகு வைத்ததை,
இன்னொன்றை (இங்கே எழுதமாட்டேன்)
கிணற்றில் கல் போடுவதுபோல்
என்னிடம் போட்டுவிட்டுப் போவாள்.

தெருக்கோடியில் ஐஸ் கம்பெனி.
அது இரவும் பகலும் ரீங்கரிப்பது
சரியாக ஐந்து கட்டையில்,
இருபத்திரண்டு வருஷம் மேடையில் நான் வைத்த சுருதி.
தம்புராவை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.
படுத்தபடி மனத்துக்குள் தோடி பாடுவேன்.
குரல்வளை தானாக ஏறி இறங்கும்,
கோழியை அமுக்குவதுபோல்
கையால் அமுக்கிக்கொள்வேன்.

நாற்பத்தாறாம் நாள்
ஸட்ஜம் வைத்துப் பார்த்தேன்.
காற்று வந்தது. பிறகு கரகரப்பு.
பிறகு குரல் வந்து நின்றது,
ஐந்துக்கு ஏறாமல், நடைக்கு வெளியே.
தண்ணீர் குடித்தேன். மறுபடியும் அதே இடம்.

மத்தியானம் கரண்ட் போனது.
சீனி காதர் ஜெனரேட்டரை ஓட்டினார்.
கிழட்டு எஞ்சின், பாரம் தாங்காமல்
ரீங்காரம் அரைக் கட்டை இறங்கியது.
வாய் திறந்தேன்.
அந்த நாலரையில்
கீழ்ப் பஞ்சமத்துக்கும் அப்பால் படிகள் இருந்தன,
நான் கால் வைத்திராத படிகள்.

வாசலில் கூடை விழுந்தது.
"பேசுவியா நீயி?"
பாட்டு அவள் காதில் ஏறவே இல்லை.
"அம்புட்டையும் கேட்டுக்கிட்டா இருந்தே, பாவி?"
'மன்னிச்சிரு' என்றேன்.
ஒன்றரை மாதத்தில் என் முதல் சொல்.
அதுவும் நாலரையில்தான் வந்தது.
அன்றிலிருந்து அவள் பின்தெரு வழியாகப் போகிறாள்.

மார்கழிக் கச்சேரிக்கு
மிருதங்கக்காரர் வேதகிரிக்குப் போன் போட்டேன்,
நாலரைக்கு வாத்தியம் எடுத்து வையுங்கள் என்று.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு கேட்டார்,
யார் பேசறது?