ஒட்வாரின் நத்தைகள்

ஜூன் மாதத்தில் பெர்கன் வானம்
இரவு பதினொன்றுக்கும் விளக்கை அணைப்பதில்லை.
மழை மூச்சு வாங்க நின்ற நேரம் பார்த்து
தூங்கும் உடைமேல் மழைக்கோட்டும்
கையில் கத்தரிக்கோலுமாக இறங்குகிறேன்.

டேலியாவின் மூன்றாம் இலை நேற்று இருந்தது.
இன்று காம்பு மட்டும்.
அதன் நுனியில் ஓர் ஈரப் பளபளப்பு:
தின்றுவிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறது.

ஓடில்லாத நத்தை. பழுப்பு. என் நடுவிரல் நீளம்.
சுமக்க வீடு இல்லை என்பதால்
ஊர் வீடெல்லாம் தன் வீடு என்று நினைக்கும் ஜென்மம்.
தலைக்குச் சற்றுப் பின்னால் வெட்ட வேண்டும்.
வெட்டியதை அங்கேயே விடக் கூடாது,
செத்ததைத் தின்ன உறவெல்லாம் வந்துவிடும்.

முதல் வருஷம் உப்புப் போட்டேன்.
நுரைத்து நுரைத்துச் செத்தன.
கீரைப் பாத்தியும் கூடவே செத்தது.
அந்த மூலையில் இன்னும் புல்கூட இல்லை.
உப்பிட்டவளை
மண் உள்ளளவும் நினைக்கிறது.

தொட்டிகளைச் சுற்றிச் செம்புப் பட்டை ஒட்டினேன்.
நல்ல பட்டை. விலையும் நல்ல விலை.
சாய்ந்து கிடந்த ஒரு புல்லைப் பாலமாக்கி
ஏறி வந்தது ஒன்று,
எந்த அவசரமும் இல்லாமல்.

தபாலில் புழு வாங்கினேன்,
கண்ணுக்கே தெரியாத புழு,
பொட்டலத்துக்குப் பல லட்சமாம்.
ஃபிரிட்ஜில் மீன் வடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
என் மகன் சிவெர்ட் அந்த வாரம் முழுக்க
பசியில்லை என்றான்.
மண் சூடேறக் காத்திருந்து
பூவாளியில் கலக்கி ஊற்றினேன்.
குட்டி நத்தைகள் குறைந்தன, பொய் சொல்லக் கூடாது.
பெரியவை அதைக் குளியல் என்று எடுத்துக்கொண்டன.

பிறகுதான் பீர்.
தயிர் டப்பாவை மண்ணில் புதைத்து
விளிம்பை ஒரு விரல்கடை உயர்த்தி வைத்து
(வண்டு தவறி விழக் கூடாது, வண்டு நம் கட்சி)
மழைக்கு மேலே ஓட்டைத் தட்டு ஒன்றைச் சாய்த்து
இருப்பதிலேயே மலிவான பீர், பாதி டப்பா.

காலையில் நாற்பத்து மூன்று.
மறுநாள் ஐம்பத்தொன்று.
அதற்கும் மறுநாள் அறுபது.

இறங்க வேண்டிய கணக்கு ஏறுகிறதே என்று
ஐந்தாம் இரவு குத்துக்காலிட்டுக் காத்திருந்தேன்.
செடிவேலிக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தன.
வரிசையாக அல்ல, ஆனால் எல்லாம் ஒரே திசையில்,
ஒட்வார் பக்கத்திலிருந்து.

ஒட்வாரும் நானும் பேசி ஏழு வருஷம்.
அந்த வேலி என் நிலத்தில் அரை மீட்டர்.
அளந்து காட்டினேன். அவனும் அளந்தான்.
அவன் டேப் வேறு.

தபால்காரி ராக்னா சொன்னாள்:
"ஒட்வார் வீட்டு ஹோஸ்டாவைப் பார்த்தாயா?
ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை.
வேரடியில் காப்பிச் சக்கை போட்டாராம்.
வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி மாளவில்லை."

காப்பிச் சக்கை!
என் காசில் குடித்து
என் டப்பாவில் மிதந்தது அத்தனையும்
அவன் சக்கைக்கு வரவு.

அன்றிரவு வேலிக்கு அப்பால் ஒரு நெற்றி விளக்கு.
அவன் பொடிநடையாய் ஹோஸ்டாவை ரசிக்க வந்திருந்தான்.
ஏழு வருஷத்தில் முதல் வார்த்தையாக
ஒரு எண் வெளியே வந்தது எனக்கு:
"அறுபத்து நாலு. இன்றைக்கு மட்டும்.
எல்லாம் உன்னுடையவை."

விளக்கு என் டப்பாவைப் பார்த்தது.
பிறகு வேலியடியைப் பார்த்தது, வெகுநேரம்.
ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது.

மறுநாள் என் கணக்கு பத்தொன்பது.
மகிழ்ந்திருக்க வேண்டும்தான்.
ஒருவேளை மழையா, பீர் புளித்துவிட்டதா என்று
குச்சியால் கிளறி மறுபடி எண்ணினேன்.
பத்தொன்பதுதான்.

அப்போது வேலிக்குள்ளிருந்து ஒரு தொண்டைக் கனைப்பு.
"எழுபத்திரண்டு," என்றது.
கொஞ்சம் பெருமையாகவே.

வேலி இன்னும் அதே அரை மீட்டரில் நிற்கிறது.
டேலியாவில் ஒரு மொட்டு,
ஒரு பக்கம் கடிபட்டு,
கோணலாகத் திறக்கத் தொடங்கியிருக்கிறது.