ஓடாது, ஐந்து டாலர்

அட்டையில் அவ்வளவுதான் எழுதியிருந்தது.
டுலூத்தில் ஒரு சனிக்கிழமை,
ஏரிக்குளிர் ஜூன் மாதத்தையும் மதிக்காத ஊர்.
கார் ஷெட் வாசலில் மடக்கு மேசை,
மூடி தொலைந்த ஜாடிகள், ஒற்றை ஸ்கீ.
ஓரத்தில், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி
பச்சை வேக்குவம் கிளீனர்.

"உறுமும். உறிஞ்சாது,"
என்றான் கார்டி டாலஃப்சன்.
நான் பதில் சொல்லவில்லை.
இந்தத் தொழிலில் வாயைத் திறந்தால் விலை ஏறும்.
குனிந்து முகர்ந்தேன்.
கருகிய ரப்பர் என்றால் பெல்ட்.
கருகிய மீன் என்றால் மின்கோளாறு, தொடாதே, நட.
இதில் நாய் வாடை மட்டும்.
நாலு தருகிறேன் என்றேன்.
அட்டையைக் காட்டினான்.

இரவெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
விரிப்பு மடிக்கிறவள் நான்.
பகலில் தூங்க வேண்டும்.
தூங்காமல் கவிழ்த்துப் போட்டேன்.
அடித்தகட்டில் நாலு திருகு. மூன்று வந்தன.
நாலாவது வம்பு பண்ணியது;
எண்ணெய் விட்டு, காபி குடித்துத் திரும்பியபோது
மனசு மாறியிருந்தது.

உருளையில் முடி.
தையல் பிரிக்கும் முள்ளால் நீளவாக்கில் கீறினேன்.
மேல் சுற்று முழுக்க நாய் மயிர்,
மஞ்சளில் வெள்ளை கலந்தது.
அதற்குக் கீழே நீளக் கூந்தல், நரைத்தது.
இன்னும் கீழே அதே கூந்தல்
பழுப்பாக,
அதோடு பின்னிக்கொண்டு ஒரு பிறந்தநாள் ரிப்பன்.

குழாய்க்குள் ஒரு காசு போட்டேன்.
மறுமுனையில் டிங்கென்று விழுந்தது, வழி திறந்திருக்கிறது.
பெல்ட் முழுசு.
மோட்டாரின் கார்பன் துண்டுகளில்
நகம் அளவு மிச்சம்.
அப்புறம் என்னதான் நோவு?
பையைத் தொட்டேன்.
கல்.
கிழித்து எடுத்த பிறகும்
தூசி செங்கல் மாதிரி நின்றது.
கழுத்துவரை தின்றவனை
இன்னும் தின்னு, இன்னும் தின்னு என்று
வீடு முழுக்க இழுத்துப் போயிருக்கிறார்கள்.

புதுப் பை ஒன்றரை டாலர்.
துணி உறையை வினிகரில் ஊறப்போட்டேன்,
ஐந்து வாளித் தண்ணீர் தேநீரானது.
வயர் முனையில் வெடிப்பு; வெட்டி, வேறு பிளக்.
ஸ்விட்சின் மேல் ஒரு பொட்டு
சிவப்பு நகப்பூச்சு.
சுரண்டப் போய், விட்டுவிட்டேன்.
இருட்டில் தடவித் தேட யாரோ வைத்தது.

செருகியதும் முன்விளக்கு எரிந்தது.
உறுமல் போய்,
கண்டிப்பான ஒரு பெண்குரல் வந்தது.
என் ஷெட்டின் தரை அழுக்கு என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

நானும் ஒரு அட்டை எழுதினேன்:
ஓடும், நாற்பது.

மூன்றாம் நாள் வந்தவள்
மார்லிஸ் என்று பேர் சொன்னாள்.
மாடி வீடாம், வாடகைக்கு, தரைவிரிப்பு வெளிர் நிறமாம்.
பேச்சு பாதியில் நின்றது.
விரல் ஸ்விட்சுக்குப் போய்விட்டது.

"எங்கே வாங்கினீர்கள்?"
சொன்னேன்.
"என்ன விலைக்கு?"
அதையும் சொன்னேன்.
தூக்கம் கெட்ட நாட்களில் எனக்குப் பொய் சரியாக வராது.

"கிளம்பின அன்றைக்குக்கூட
புதுப் பை மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.
மூணு வருஷம்."
விரல்விட்டுக் காட்டினாள், மூன்று.
அப்புறம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு,
"நாயைப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை.
ஆனால் மேல் சுற்று தெரியும்.
"இருக்கிறது," என்றேன். "நரைக்கிறது."

மார்லிஸ் வயரை எட்டு வடிவில் சுற்றினாள்,
கைக்குப் பழக்கமான வேகத்தில்.
பர்சைத் திறந்து எண்ணினாள்.
முப்பத்தைந்து.

"நாற்பது," என்றேன்.
"அவனிடம் கொடுத்தீர்களே ஐந்து,
அது எனக்குச் சேர வேண்டியது."

கணக்கில் பிசகு இல்லை.
வாங்கி மடித்துப் பையில் போட்டேன்.
வாசல்வரை உருட்டிப் போனவள்
திரும்பி வந்து,
தூசிப் பை தனியாகக் கிடைக்குமா என்றாள்.
இருந்த ஆறையும் எடுத்துக்கொண்டாள்.
அதற்குப் பேரம் பேசவில்லை.